அடுப்படிச் சுவரோரத்து அத்தி

சாவு விழுந்த வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்தால் ஊர் சும்மா இருக்குமா? எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் வெள்ளிமலை சும்மா இருக்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு, டீக்கடை பெஞ்சில் பேச்சு, ரேஷன் கடை வரிசையில் பேச்சு. கொளஞ்சியப்பன் செத்த சேதி வந்ததிலிருந்து அவன் பெண்டாட்டி அமிர்தம் அடுப்பை அணைக்கவே இல்லை. உச்சி வெயிலிலும் புகைகிறது, விடிந்து கதவைத் திறந்து பார்த்தாலும் புகைகிறது. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். துக்கம் இருக்கிறவள் இப்படிப் பொங்கித் தின்பாளா என்றார்கள் வாய் கூசாத சிலர்.

மலைமேலும் சரி, கீழே கள்ளக்குறிச்சிப் பக்கமும் சரி, ஒரு வீட்டில் உயிர் போனால் முதல் வேலையாக அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். காரியம் முடிகிற வரை அதில் நெருப்பு வைக்கக் கூடாது. பங்காளி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ சோறு வரும், அதைத்தான் தின்ன வேண்டும். அமிர்தத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளும் பக்கத்து வீட்டுச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தாள். அந்த அடுப்பில் ஒரு சொம்பு வெந்நீர்கூட அவள் வைக்கவில்லை. நெருப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது.

பேசியவர்களில் ஒருத்தராவது வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். அடுப்படிச் சுவரின் வெளிப்புறம், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாற்போல ஒரு சீமையத்தி நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதில் மூன்று காய். அந்த மூன்றில் ஒன்றாவது பழுத்து, புருஷனுக்குப் போடுகிற படையலில் இலைமேல் இருக்க வேண்டும். உலகத்தில் அப்போது அமிர்தத்துக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மலைக் குளிரில் அந்தக் காய் பழுக்க வேண்டுமானால் சுவர் சூடாக இருக்க வேண்டும். சுவர் சூடாக இருக்க வேண்டுமானால் அடுப்பு எரிய வேண்டும். இதை ஊருக்கு எடுத்துச் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பும் இல்லை, பொறுமையும் இல்லை.

கொளஞ்சியப்பன் நைனார்பாளையத்துக்காரன். இருக்கிற காட்டைப் பங்கு பிரித்தால் அண்ணன் பச்சமுத்துவுக்கே போதாது என்று விட்டுக்கொடுத்துவிட்டு, வனத்துறை நாற்றங்காலில் காவல் வேலை கிடைத்ததும் மலையேறியவன். நாற்றங்காலை ஒட்டி மண்ணைக் குழைத்துத் தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டான். வாரச் சந்தைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஜான் பாஷா வருவார். கடுக்காய், புளி, தேன் எல்லாம் வாங்கிப் போகிற வியாபாரி. ஓசூர்ப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு தடவை, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொளஞ்சியப்பனிடம் கொடுத்தார். அஞ்சீர் என்றார் அவர். சீமையத்தி என்றான் இவன். குளிர் ஆகாத மரம், அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி, மழைச்சாரல் அடிக்காத பக்கமாக வை என்று பாஷா படித்துப் படித்துச் சொன்னார்.

கொளஞ்சியப்பன் கேட்கவில்லை. அத்தி என்று பேர் வந்தாலே அதன் வேர் கிணற்றைப் பிளக்கும், சுவரைப் பிளக்கும், வீட்டை ஒட்டி வைத்தால் குடும்பம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவன் அவன். நாட்டு அத்தி வேறு, இது வேறு என்று பாஷா சொன்னது காதில் ஏறவே இல்லை. ஓடைக்கரையில் வெட்டவெளியாகப் பார்த்துக் குழி எடுத்து, கூடை கூடையாகச் சாணியைக் கொட்டி நட்டான். கரும்புக்குக் கொட்டிப் பழகிய கை, வேறென்ன செய்யும்?

மரம் வளர்ந்தது, கேட்பானேன். இலை ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். காயும் வைத்தது. ஆனால் புரட்டாசி மழையும் அதன் பின்னாலேயே பனிமூட்டமும் வந்ததும் கல்லு கல்லாக நின்ற காய்கள் காம்போடு கழன்று விழுந்தன. மார்கழியில் நுனிக்கிளை எல்லாம் கருகியது. வருஷா வருஷம் இதே கதை. ஒரு வருஷம், விழுவதற்கு முன்னால் நாமே பறித்துவிட்டால் என்ன என்று மொத்தக் காயையும் பறித்து, வாழைத்தாருக்குச் செய்கிற மாதிரி குழி வெட்டி, வைக்கோல் போட்டு, புகைமூட்டம் போட்டான். குழியைத் திறந்தபோது உள்ளே பழம் இல்லை, செருப்புத் தோல்தான் இருந்தது. அமிர்தம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். சந்தைக்கு வந்த பாஷாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அஞ்சீர் மரத்தில்தான் பழுக்கும், பறித்த பிறகு அரிசியத்தனைகூடப் பழுக்காது, கழுத்து மடங்கித் தலைகீழாகத் தொங்கி, அடிவாயில் தேன் மாதிரி ஒரு சொட்டு நின்றால்தான் கை வைக்க வேண்டும் என்று சிரிப்பினூடே சொன்னார்.

அந்த மார்கழியில்தான் கொளஞ்சியப்பன் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தான். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற மரத்தைக் கிளை கழித்து, வேர் கழித்து, பெயர்த்துத் தூக்கிவந்து அடுப்படிச் சுவரோரம் நட்டான். வேர் ஓடாமலிருக்கக் குழியைச் சுற்றிப் பலகைக் கல் புதைத்தான். அதோடு விட்டானா? அடுப்புக்குப் பின்னாலிருந்த கெட்டிச் சுவரை அந்த அகலத்துக்கு இடித்துவிட்டு, சூடு அந்தப் பக்கம் போகட்டும் என்று மெல்லிசாக மண் அப்பிக் கட்டினான். வீட்டுச் சூடெல்லாம் மரத்துக்குப் போகிறது, எனக்குக் குளிர் காய இடமில்லை என்று அமிர்தம் சண்டை பிடித்தாள். மார்கழியானால் அவன் மரத்துக்குக் கோரைப்பாய் சுற்றிக் கட்டுவான். பெண்டாட்டிக்கு ஒரு கம்பளி வாங்கித் தரத் துப்பில்லை, மரத்துக்குப் பாய் கேட்கிறதாக்கும் என்பாள். அவன் சிரித்துக்கொண்டே பாயை இறுக்கிக் கட்டுவான்.

அந்தச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, அவன் இடது கை பதிந்து அப்படியே காய்ந்து போயிருந்தது. பூசும்போது ஈரத்தில் கையை ஊன்றியிருக்கிறான். நாலு விரல்தான் பதிந்திருக்கும். சுண்டுவிரலைச் சின்ன வயசிலேயே கரும்பு ஆலை தின்றுவிட்டது. பூசி மூடிவிடுங்கள் என்று அமிர்தம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், அவன் மூடவில்லை. நாளாக ஆகக் கரி படிந்து, தடம் கறுப்பாகச் சுவரிலேயே நின்றுவிட்டது.

சுவரோரம் வந்த பிறகு மரம் அடங்கியது. இலை சிறுத்தது, கட்டை தடித்தது. எண்பத்தேழு ஆடியில் வைத்த காயில் மூன்று தங்கியது. ஆவணிக் கடைசியில் அவை கொஞ்சம் ஊதின. கொளஞ்சியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் பல்லைத் துலக்குகிறானோ இல்லையோ, பின்பக்கம் போய் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து ஆள் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிப் போட்டு ஒரு வாரம் சாலையை மறிப்பது என்று சாதிச் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது, மரம் அறுக்க, வெட்டத் தெரிந்தவன் ஒருத்தனும் வீட்டில் இருக்கக் கூடாது என்று அண்ணன் பச்சமுத்து சொல்லி அனுப்பியிருந்தான். கொளஞ்சியப்பனுக்கும் மனசில் புண் இருந்தது. மகள் செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். வாத்தியார் பயிற்சிக்குப் போன வருஷமும் இடம் கிடைக்கவில்லை, இந்த வருஷமும் கிடைக்கவில்லை. நைனார்பாளையத்தில் பெரியப்பன் வீட்டில்தான் இருந்தாள். அவன் கோடாலியை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தபோது அமிர்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மரத்த வெட்டிப் போட்டா எம்பொண்ணுக்கு சீட்டு வந்துடுமா?" என்றாள்.

"கேட்டுப் பாத்தாச்சி புள்ள. குடுக்கல. மறிச்சாதான் திரும்பிப் பாக்குறான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாற்றங்காலில் ஒரு கன்று வாடினால் சோறு இறங்காத மனுஷன் கோடாலி தீட்டுவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "உசுரோட நிக்கிற மரங்க அது. வெட்டறவன சும்மா பாத்துக்கினு இருக்காது." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்?

அவன் பின்பக்கம் போய் மூன்று காயையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "மழ வர்ற மாதிரி இருக்குது. நான் வர்ற வரைக்கும் அடுப்ப அணைய வுடாத," என்றான். அவளுக்குக் கோபம் தீரவில்லை. "வந்து நீங்களே தின்னுங்க. எனக்கொண்ணும் வேணாம்," என்றாள். அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

மறியல் தொடங்கி ஓரிரு நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும் ரேஞ்ச் ஆபீஸ் வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் சேலம் சாலையில் புளியமரம் ஒன்றை வெட்டியபோது, அது நினைத்த பக்கம் சாயாமல் இவன் நின்ற பக்கம் திரும்பிவிட்டது. சேதி சொல்ல வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அமிர்தம் அழவில்லை. அடுப்பில் ஒரு பெரிய கட்டையைத் தள்ளிச் சாம்பலை மூடிவிட்டுக் கிளம்பினாள். பஸ் கிடையாது, ஜீப் கிடையாது. சந்தைக்கு வந்து மறியலில் மலைமேலேயே மாட்டிக்கொண்ட ஜான் பாஷா, தனியாக விட மாட்டேன் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாலை நெடுகக் குறுக்கும் நெடுக்குமாக மரம். தாண்டித் தாண்டி அவள் காலெல்லாம் சிராய்ப்பு. அங்கே சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ஒருத்தன் எதிரே வந்தான், சங்கத்து ஆள். பாஷா விசாரித்தார். நைனார்பாளையத்தில் மத்தியானம் வரை வைத்திருந்தார்கள், அதற்குமேல் உடம்பு தாங்கவில்லை, எடுத்து எரித்துவிட்டார்கள் என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததால் மேலும் சொன்னான். இந்தச் சாலையில் முதல் மரத்தைத் தள்ளியதே அந்த மனுஷன்தான், மலையிலிருந்து வந்த கையோடு, நீங்கள் நிற்கிறீர்களே, இந்த மரம்தான்.

அமிர்தம் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவி மனுஷா, நான் வருகிற வழியையா வெட்டிப் போட்டாய் என்று வாய்விட்டுக் கேட்டாள். வெட்டுவாயில் பிசிர் இல்லை, அவன் கைதான். பாஷா முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, மகள் அங்கே தனியாகக் கிடப்பாள், நைனார்பாளையம் போய்விடலாம் தங்கச்சி என்று கெஞ்சினார்.

"பாக்க மூஞ்சி இருந்தா வரலாம் பாய். சாம்பல வந்து பாக்கறதா?" என்றாள் அமிர்தம். எழுந்து புடவையை உதறினாள். "அடுப்பு அணஞ்சிடும். நான் போறன்."

பெற்ற மகளின் நினைப்பு அவளுக்கு இல்லாமலா இருக்கும்? அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பாஷாவிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நானும் என் வீட்டுக்காரி நூர் பீவியும் இருக்கிறோம், பயப்படாதே என்று அவர் சத்தியம் பண்ணினார். ஆனால் துக்கம் ஒரு ஆளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அவளை மலைப் பக்கம் இழுத்தது. வந்த வழியே ஏறினாள். வீடு வந்து சாம்பலைக் கிளறியபோது புளியங்கொட்டை அளவுக்குத்தான் கங்கு மிச்சம். அதை ஊதி ஊதி நெருப்பாக்கிய பிறகுதான், அடுப்பின் முன்னால் குப்புற விழுந்து, அமிர்தம் அழுதாள்.

மறுநாள் காலையில் பெரியம்மாள் ஒரு கையில் சாமைச் சோறும் மறு கையில் தண்ணீர்க் குடமுமாக வந்தாள். மலைக்காரி, நல்ல மனுஷி, அமிர்தத்தை இத்தனை வருஷமும் கூடப்பிறந்தவளாகப் பார்த்தவள். சோற்றை இறக்கி வைத்துவிட்டு, முறைப்படி அடுப்பில் தண்ணீர் ஊற்றக் குடத்தைச் சாய்த்தாள். அமிர்தம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாளுக்கு முதலில் கோபம், பிறகு பயம். அணைக்காத வீட்டில் செத்தவர் சுற்றிக்கொண்டே இருப்பார், போக வழி தெரியாது என்றாள். அமிர்தம் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் மூன்று காயையும் காட்டினாள். பெரியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு போனவள், மறுநாள் சோற்றோடு ஒரு கட்டு காய்ந்த விறகையும் கொண்டுவந்து போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. காய்களுக்கு மேல் ஓலைக் கீற்றைச் சரித்துக் கட்டினாள் அமிர்தம். இருந்தும் சாரல் அடித்த பக்கத்துக் காய் ஒன்று நிறம் மாறி உதிர்ந்தது. மழை விட்ட ஒரு காலையில் கொண்டைக்குருவி வந்து இன்னொன்றைக் கொத்திப் பாதியாக்கிவிட்டுப் போனது. குருவியைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், செத்தவனையும் சேர்த்துத் திட்டினாள். ஒன்றே ஒன்று மிஞ்சியது, சுவருக்கு வெகு அருகில் இருந்த காய். அதற்குப் பழைய துணியில் ஒரு பை தைத்து மாட்டிவிட்டாள். கழுத்து இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

சாலையில் மரங்களை அகற்றி ஒன்றிரண்டு பஸ் ஓட ஆரம்பித்ததும் பச்சமுத்து மலையேறி வந்தான். சடங்கு சம்பிரதாயம் என்றால் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத மனுஷன். தம்பி பெண்டாட்டியைக் காரியத்துக்குக் கையோடு கூட்டிப்போக வந்தவன், தூரத்திலிருந்தே புகையைப் பார்த்துவிட்டான். வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை.

"இன்னா பண்ணிக்கினு இருக்கற நீ? புருசன் மூஞ்சியப் பாக்க வரல. பெத்த பொண்ணு அங்க கதறிக்கினு கெடக்குது, அதையும் பாக்க வரல. வூட்டுல அடுப்பு எரியுது. அவன் எப்படிம்மா போவான்?"

அமிர்தம் எழுந்து நின்றாள். மாமா என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். "எம்மூஞ்சியப் பாக்காம போனவரு மாமா. அதுக்குள்ள போவணுமா? கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டும்."

பச்சமுத்துவுக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆனது. மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தான். அமிர்தம் தடுக்கப் போகவில்லை. அவளிடம் தெம்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம், நெருப்பு சீறுகிற சத்தம், இரண்டும் கேட்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால், பச்சமுத்து பானையை இடுப்பில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நெருப்பு வெளிச்சத்தில் அந்த நாலு விரல் தடம் கறுப்பாகத் தெரிந்தது. அந்தச் சுண்டுவிரல் போன நாளில் ஆலையில் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவன் இந்தப் பச்சமுத்துதான். தம்பி கரும்பு ஊட்டிக்கொண்டிருந்தான், இவன் மாட்டை அதட்டினான், மாடு ஒரு எட்டு கூட வைத்துவிட்டது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை, யாரும் வாய்விட்டுப் பேசாத கதை. பச்சமுத்து பானையைக் கீழே இறக்கி வைத்தான். தன் கையைக் கொண்டுபோய் அந்தத் தடத்தின் மேல் வைத்தான். சுடச் சுட வைத்துக்கொண்டிருந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அழுது ஓய்ந்த பிறகு அமிர்தம் அவனைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் துணிப்பையை அவிழ்த்துக் காட்டினாள். விவசாயிதானே, தொடாமலே பார்த்துத் தெரிந்துகொண்டான். காரியத்துக்குள் இது பழுக்காதே என்றான். பறித்து அரிசிப் பானையில் போட்டு வைத்தால் என்ன என்று கேட்டான். உங்கள் தம்பியும் அப்படித்தான் குழி வெட்டினார் என்று, செருப்புத் தோலான கதையை அமிர்தம் சொன்னாள். சொல்லும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு சட்டென்று நின்றும் போனது.

மறுநாள் விடியும்போது அமிர்தம் எழுந்து வந்தாள். பச்சமுத்து அடுப்பின் முன்னால் குந்தி, ஒரு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"காரியத்த தள்ளி வெச்சிக்கலாம். எவனாச்சும் கேட்டா, ரோடு இன்னும் சரியாவலன்னு சொல்லிக்கிறன்." இன்னொரு விறகை எடுத்து உள்ளே தள்ளினான். "எடுக்கச் சொன்னது நாந்தாம்மா. எல்லாரும் நாழியாவுதுன்னானுங்க, நானும் சரின்னுட்டன். உனக்காவ சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்திருக்கணும். அன்னிக்கிக் காத்துக்கினு இருக்கல. இன்னிக்கி இருக்கறன்."

அமிர்தத்துக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அவனுக்கும் சேர்த்துப் பெரியம்மாள் வீட்டுச் சோற்றைப் பிரித்து வைத்தாள். அவன் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். வரும்போது செல்வியையும் கூட்டிவந்தான். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா முகம் எப்படி இருந்தது என்று அமிர்தம் கேட்க, தூங்குகிற மாதிரிதான் இருந்தது, நெற்றியில் மட்டும் மண் ஒட்டியிருந்தது, நான்தான் துடைத்தேன் என்றாள் மகள். அதற்குப் பிறகு நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். ஊர்ப்பேச்சும் மெல்ல அடங்கியது. விறகு பொறுக்கப் போகிறவர்கள் வருகிற வழியில் ஒரு கட்டையை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த ஒரு காலையில் பையை அவிழ்த்தபோது பழத்தின் கழுத்து மடங்கியிருந்தது. பச்சையெல்லாம் போய்க் கருஞ்சிவப்பு. அடிவாயில் சொட்டு ஒன்று நின்றது. அமிர்தம் காம்பைத் தொட்டாள், அவ்வளவுதான், கைக்குள் வந்து விழுந்தது.

அத்தியிலையை மடித்து அதில் பழத்தை வைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். கீழே மூடி வைத்தால் நசுங்கிவிடும் என்று ஒரு கையைக்கூட எடுக்கவில்லை, கம்பியைப் பிடிக்கவில்லை. வளைவுக்கு வளைவு செல்விதான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டி வழி நெடுகச் சாலையின் இரண்டு பக்கமும் அடிமரம் அடிமரமாக நின்றது. முதல் அடிமரத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவன்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டாள்.

நைனார்பாளையத்தில் காரியம் நடந்தது. ஜான் பாஷாவும் நூர் பீவியும் வந்து ஓரமாக நின்றார்கள். வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் போட்ட இலையில், நடுவாக, பச்சமுத்தே அந்தப் பழத்தை வாங்கி வைத்தான். சாவு வீட்டில் அணைக்காமல் எரித்த அடுப்புச் சூட்டில் பழுத்தது, வைக்கலாமா என்று பங்காளி ஒருத்தர் முணுமுணுத்தார். பச்சமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தான்.

காக்கைக்கு வைத்தது போக, பழத்தைப் பச்சமுத்து தன் கையாலேயே பிட்டான். உள்ளே சிவப்புச் சிவப்பாக இழை. மகளுக்கு ஒரு துண்டு, பாஷாவுக்கு ஒரு துண்டு. கடைசித் துண்டை அமிர்தத்திடம் நீட்டினான். எனக்கொண்ணும் வேணாம் என்று சொல்லி அனுப்பியவள் அவள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இனித்தது. இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் அவன் தண்ணீர் ஊற்றினானே, இந்த இனிப்பு இப்படித்தான் இருக்கும் என்று தெரியாமலே போய்விட்டானே என்று நினைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை. நூர் பீவி வந்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் மகளோடு மலையேறினாள். நாற்றங்கால் வேலை போய்விட்டது, இனி எங்கே இருப்பது, மகளின் படிப்பு என்ன ஆவது, ஒன்றும் தெரியவில்லை. அவள் இல்லாதபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாள் எழுந்து வழி விட்டாள். அமிர்தம் அவளிடம் தண்ணீர்க் குடத்தைக் கேட்டு வாங்கினாள். எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். நெருப்பு சீறியது, வீடெல்லாம் ஆவியும் சாம்பலும் பறந்தது.

"போய்ட்டு வாங்க," என்றாள்.

ஆவி அடங்கியதும் சுவரில் இருந்த நாலு விரல் தடத்தின் மேல் தன் கையை வைத்தாள். சுவரில் சூடு இன்னும் இருந்தது. அது ஆறுகிற வரை அமிர்தம் கையை எடுக்கவில்லை.